செர்கேய் வினோகிராட்ஸ்கி

செர்கேய் நிக்கோலாயெவிச் வினோகிராட்ஸ்கி (செப்டம்பர் 1, 1856 – பெப்ரவரி 25, 1953) உருசியப் பேரரசின் கீவ் நகரில் பிறந்த நுண்ணுயிரியலாளர் ஆவார். கந்தகம், இரும்பு, அமோனியா போன்ற உயிரற்ற பொருட்களை ஆக்சிசனேற்றி, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதை முதன்முதலில் கண்டறிந்தவர் இவரே. இவ்வாழ்க்கை முறை வேதித்தன்னூட்டம் எனப்படுகிறது. மண்ணிலும் சேற்றிலும் உள்ள பாக்டீரியாக்களை அவற்றின் உருவத்தைக் கொண்டு மட்டும் பார்க்காமல், அவை செய்யும் வேலையைக் கொண்டு இனங்காணும் முறையை வகுத்தவரும் இவர். பல பாக்டீரியாப் பேரினங்களுக்குப் பெயரிட்ட இவர், தம் 95ஆம் வயதில், பாக்டீரியாக்களை வகைப்படுத்தும் நடைமுறையையே கேள்விக்குள்ளாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

பின்னணி

வினோகிராட்ஸ்கியின் பணியைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. வட சென்னையில் சாத்தாங்காட்டை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கொசத்தலையாற்றைச் சந்திக்கிறது. கழிமுகத்தின் கரைகளில் எஞ்சியிருக்கும் கண்டல் மரங்களின் அடியில் சேற்றைக் கிளறினால், மேற்பரப்பு பழுப்பாகவும் அதற்குச் சற்றுக் கீழே மை போலக் கருமையாகவும் இருப்பதைக் காணலாம். கூடவே அழுகிய முட்டையின் நாற்றமும் எழும். கருமைக்குக் காரணம் இரும்பு சல்பைடு. நாற்றத்துக்குக் காரணம் ஐதரசன் சல்பைடு. கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டை, காற்றுப் புகாத சேற்றில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைடாக மாற்றுகின்றன. மேலே வரும் அந்த வளியை வேறு வகைப் பாக்டீரியாக்கள் மீண்டும் கந்தகமாகவும் சல்பேட்டாகவும் மாற்றுகின்றன. இத்தகைய சேற்றின் மேல் சில சமயம் காணப்படும் வெண்ணிறப் படலம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரின் கூட்டமே.

இன்று பள்ளிப் பாடநூலில் ஒரு வட்டப்படமாக அடங்கிவிடும் இச்செய்தி, 1880களில் யாருக்கும் தெரியாது. அக்காலத்தில் பாக்டீரியா ஆய்வு என்றால் பெரும்பாலும் நோய்க்கிருமி ஆய்வே. நோயாளியின் உடலிலிருந்து கிருமியை எடுத்து, இறைச்சிச் சாறும் ஜெலட்டினும் கலந்த ஊடகத்தில் வளர்த்துத் தூய வளர்ப்பாகப் பிரிப்பது இராபர்ட் கோக்கின் முறை. அந்த ஊடகத்தில் வளர மறுத்த உயிரிகள் இல்லாதவை போலவே கருதப்பட்டன.

அதோடு இன்னொரு குழப்பமும் இருந்தது. பாக்டீரியாக்களுக்கு நிலையான இனங்கள் உண்டா என்பதிலேயே அறிஞர்கள் பிளவுபட்டிருந்தனர். பிரெசுலாவில் பணியாற்றிய பெர்டினாண்டு கோன், செடிகொடிகளைப் போலவே பாக்டீரியாக்களுக்கும் பேரினம், இனம் என்ற பாகுபாடு உண்டு எனக் கொண்டு 1872இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். கார்ல் நேகெலி, வில்லெம் சோப்பு போன்றோர் இதை மறுத்தனர். ஒரே உயிரி சூழலுக்கு ஏற்ப உருண்டையாகவும் கோலாகவும் சுருளாகவும் இழையாகவும் மாறக்கூடும் என்பது அவர்கள் கருத்து. பல்லுருவக் கொள்கை என்று பெயர்பெற்ற இது சரியென்றால், பாக்டீரியாக்களுக்குப் பெயரிடுவதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

இளமைக்காலம்

வினோகிராட்ஸ்கி செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். கீவ் பல்கலைக்கழகத்தில் முதலில் சட்டமும் பின்னர் இயற்கை அறிவியலும் பயின்றார். இரண்டும் அவருக்குச் சலிப்பையே தந்தன. படிப்பை விட்டுவிட்டுச் சென் பீட்டர்சுபர்க்கு இசைக் கல்லூரியில் சேர்ந்து, புகழ்பெற்ற ஆசிரியரான தியோடர் லெசெட்டிசுக்கியிடம் பியானோ கற்றார். அதுவும் நீடிக்கவில்லை. 1877இல் சென் பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் இயற்கை அறிவியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கு தாவர உடலியங்கியல் பேராசிரியரான அந்திரேய் பாமின்ட்சினின் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. திராட்சை மதுவின் மேல் படலமாக வளரும் ஒரு வகை நொதியை எடுத்துக்கொண்டு, ஊட்டப்பொருளை மாற்றினால் அதன் உருவம் எவ்வாறு மாறுகிறது என்று ஆராய்ந்தார். சூழலை மாற்றி உயிரியைக் கவனிக்கும் இந்தப் பழக்கம் அவரிடம் கடைசிவரை நிலைத்தது. 1879இல் சினைடா என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பெண் மக்கள்.

இசுட்ராசுபூர்க்கில் கந்தக பாக்டீரியா ஆய்வு

1885இல் வினோகிராட்ஸ்கி இசுட்ராசுபூர்க்கு சென்றார். அந்நகர் அப்போது செருமனியின் ஆட்சியில் இருந்தது. பூஞ்சை ஆய்வில் பெயர்பெற்ற அன்டன் டி பாரியின் தாவரவியல் ஆய்வகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் பெக்கியட்டோவா என்னும் இழைவடிவ பாக்டீரியா. கந்தக ஊற்றுகளிலும் கழிவுநீரிலும் கடற்கரைச் சேற்றிலும் வெண்ணிறப் படலமாகப் படரும் உயிரி இது. இதன் உடலுக்குள் ஒளியைச் சிதறடிக்கும் கந்தகத் துளிகள் நிறைந்திருக்கும். பெக்கியட்டோவா உள்ள இடமெல்லாம் ஐதரசன் சல்பைடு நாற்றம் வீசுவதால், அவ்வளியை உண்டாக்குவதே இந்த உயிரிதான் என்று பலர் எண்ணியிருந்தனர். சோப்பு, பல்லுருவக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டிய உயிரிகளுள் ஒன்றும் இதுவே.

வினோகிராட்ஸ்கி இதைத் தூய வளர்ப்பாகப் பிரிக்க முடியவில்லை. ஆகவே எளிமையான வேறொரு வழியைக் கையாண்டார். ஓர் இழையையோ சில இழைகளையோ கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய வில்லையால் மூடி, அதன் கீழ் உள்ள நீரை அவ்வப்போது மாற்றியபடி நுண்நோக்கியில் நாள்கணக்காகக் கவனித்தார். ஐதரசன் சல்பைடு கலந்த ஊற்றுநீரைச் செலுத்தியபோது இழைக்குள் கந்தகத் துளிகள் பெருகின. வெற்று நீரைச் செலுத்தியபோது அவை ஓரிரு நாளில் கரைந்து மறைந்தன. நீரில் சல்பேட்டு தோன்றியது. சல்பைடு இன்றியே விடப்பட்ட இழைகள் நாளடைவில் மடிந்தன. இதிலிருந்து, பெக்கியட்டோவா ஐதரசன் சல்பைடை உண்டாக்கவில்லை, அதைப் பயன்படுத்துகிறது என்பது தெளிவாயிற்று. மற்ற உயிரிகள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றல் பெறுவது போல, இது ஐதரசன் சல்பைடை முதலில் கந்தகமாகவும் பின்னர் கந்தக அமிலமாகவும் ஆக்சிசனேற்றி ஆற்றல் பெறுகிறது. உட்சேர்ந்த கந்தகத் துளிகள் அதன் இருப்பு உணவு. 1887இல் இம்முடிவு வெளியானது.

இவ்வளவு நாள் ஒரே இழையைக் கண்ணெடுக்காமல் பார்த்ததில் இன்னொரு பயனும் கிடைத்தது. அவ்விழை உருண்டைகளாகவோ சுருள்களாகவோ மாறவே இல்லை. வேறு உருவங்கள் தோன்றியபோதெல்லாம், அவை நீரில் உடன் வந்த வேறு உயிரிகள் என்பதைப் பின்தொடர்ந்து காட்ட முடிந்தது. பல்லுருவக் கொள்கைக்கு எதிரான வலுவான சான்றுகளுள் இதுவும் ஒன்று.

1888இல் கந்தக பாக்டீரியாக்களின் உருவவியல், உடலியங்கியல் பற்றிய அவரது நூல் வந்தது. தியோத்ரிக்சு, தியோகேப்சா, தியோசிசுட்டிசு, தியோடிக்டியான், தியோபீடியா, தியோசிபைரில்லம் முதலிய பேரினங்களை அந்நூலில் அவர் விவரித்தார். இப்பெயர்களில் வரும் தியோ என்பது கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் திரிபு. ஓர் உயிரியின் பேரினப் பெயரிலேயே அதன் வாழ்க்கைத் தொழிலைப் பொறித்துவிடும் இம்முறை பின்னர் நுண்ணுயிரியலில் வழக்கமாயிற்று. தூய வளர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் வரையறுக்கப்பட்ட இப்பேரினங்களில் பல, இன்றைய மரபணு வகைப்பாட்டிலும் நிலைத்திருப்பது வியப்புக்குரியது.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. செந்நிறக் கந்தக பாக்டீரியாக்களையும் நிறமற்ற பெக்கியட்டோவாவையும் அவர் ஒரே வாழ்க்கை முறை கொண்டவையாகக் கருதினார். செந்நிறத்தவற்றுக்கு ஒளி தேவை என்று தியோடர் எங்கெல்மான் அதே ஆண்டுகளில் காட்டியிருந்தார். அவை ஒளிச்சேர்க்கை செய்பவை, ஆனால் ஆக்சிசனை வெளியிடாதவை என்பதை 1931இல் கார்னெலியசு வான் நீல் விளக்கிய பின்னரே இவ்வழக்கு தீர்ந்தது. பெக்கியட்டோவா கரியமில வளியிலிருந்து உடலைக் கட்டிக்கொள்கிறது என்பதையும் தூய வளர்ப்பில் உறுதிசெய்ய 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சூரிக்கில் நைட்ரசனேற்ற ஆய்வு

1888 சனவரியில் டி பாரி மறைந்தார். வினோகிராட்ஸ்கி சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகருக்குச் சென்று, உழவர்களுக்கு நேரடித் தொடர்புடைய ஒரு வினாவைக் கையிலெடுத்தார். எருவிலும் கழிவிலும் உள்ள அமோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. பயிர்களுக்கு அந்த நைட்ரேட்டு முதன்மையான உணவு. 1877இல் பிரெஞ்சு அறிஞர்கள் சுலோசிங்கும் முன்ட்சும் மணல் நிரம்பிய குழாய் வழியே கழிவுநீரைச் செலுத்தி, சில வாரங்களில் அமோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்குவதையும், குளோரோபார்மைச் சேர்த்ததும் அது நின்றுபோவதையும் காட்டியிருந்தனர். மயக்க மருந்துக்கு அடங்கும் வினை உயிர்வினையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த உயிரி எது? பத்தாண்டுக்கும் மேலாக யாராலும் அதைப் பிரிக்க முடியவில்லை. ஜெலட்டின் தட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாக்கள் எவையும் நைட்ரேட்டை உண்டாக்கவில்லை.

வினோகிராட்ஸ்கி இதைத் தலைகீழாகச் சிந்தித்தார். பெக்கியட்டோவாவைப் போல இதுவும் கரிமப் பொருளே தேவைப்படாத உயிரியாக இருந்தால், ஊட்டம் மிக்க ஜெலட்டின் அதற்கு உணவாகாது, இடையூறாகவே இருக்கும். எனவே அமோனியம் உப்பு, பாசுபேட்டு, மக்னீசியம் கார்பனேட்டு போன்ற கனிமப் பொருட்கள் மட்டுமே கொண்ட நீரில் மண்ணை இட்டு, வினை நிகழ்ந்த பின் அதிலிருந்து ஒரு துளியைப் புதிய நீருக்கு மாற்றி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தார். கரிமப் பொருளை நம்பிய உயிரிகள் ஒவ்வொரு மாற்றத்திலும் குறைந்துகொண்டே வந்தன. குடுவையின் அடியில் வெண்படிவாகத் தங்கிய கார்பனேட்டின் மேல் நீள்வட்ட வடிவ உயிரி ஒன்று ஒட்டிப் பெருகுவதை அவர் கண்டார். எஞ்சியவற்றை விலக்க, ஜெலட்டின் தட்டில் எதுவும் வளராத இடங்களிலிருந்து மாதிரி எடுத்து மீண்டும் கனிம நீரில் இட்டார். வளராமையையே அடையாளமாகக் கொண்டு ஓர் உயிரியைத் தேடிப்பிடித்த நிகழ்வு இது. இங்கிலாந்தில் பெர்சி பிராங்க்லாந்தும் கிரேசு பிராங்க்லாந்தும் ஏறத்தாழ அதே காலத்தில், 1890இல், நைட்ரசனேற்றும் உயிரியைப் பிரித்ததை அறிவித்தனர்.

வினோகிராட்ஸ்கி அதோடு நிற்கவில்லை. கரிமப் பொருள் சிறிதும் கலவாதபடி கழுவிய கலன்களில் உயிரியை வளர்த்து, ஆக்சிசனேறிய நைட்ரசனுக்கும் உடலில் சேர்ந்த கார்பனுக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். ஒரு பங்கு கார்பனைச் சேர்க்க ஏறத்தாழ 35 பங்கு நைட்ரசனை இவ்வுயிரி ஆக்சிசனேற்ற வேண்டியிருந்தது. இருளில், பச்சையம் இன்றி, கரியமில வளியிலிருந்து உடலைக் கட்டும் உயிரிகள் உண்டு என்பதற்கு இது அளவை அடிப்படையிலான சான்று. கரியமில வளியை உயிர்ப்பொருளாக மாற்றுவது பச்சைத் தாவரங்களுக்கு மட்டுமே உரியது என்ற அதுவரையான கருத்து இதனால் மாறியது.

பின்னர் அவர், அமோனியா நேரடியாக நைட்ரேட்டாக மாறுவதில்லை என்றும், ஓர் உயிரி அதை நைட்ரைட்டாக்க, இன்னோர் உயிரி நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது என்றும் நிறுவினார். ஜெலட்டினுக்கு மாற்றாக, கரிமப் பொருளே இல்லாத சிலிக்காக் கூழில் இவற்றை வளர்த்தார். நைட்ரசோமோனாசு, நைட்ரோபாக்டர் என்ற பெயர்கள் 1892இல் அவர் இட்டவை. சாவகத் தீவு, தென் அமெரிக்காவின் கீட்டோ போன்ற தொலைவிடங்களிலிருந்தும் மண் தருவித்து, ஒரே வேலையை வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு உயிரிகள் செய்கின்றனவா என்றும் அவர் பார்த்தார். வடிவத்தில் வேறுபட்ட உயிரிகள் கிடைத்தன.

சென் பீட்டர்சுபர்க்கு

பாரிசில் தம் நிறுவனத்துக்கு வருமாறு லூயி பாசுச்சர் அழைத்தபோதும், 1891இல் வினோகிராட்ஸ்கி தாய்நாடு திரும்பி, சென் பீட்டர்சுபர்க்கில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த செய்முறை மருத்துவ நிறுவனத்தில் பொது நுண்ணுயிரியல் துறைத் தலைவரானார். அங்கு நைட்ரசன் சேர்மம் எதுவும் இல்லாத சர்க்கரைக் கரைசலில் மண்ணை இட்டு, காற்றிலுள்ள நைட்ரசனைத் தானே நிலைநிறுத்தும், ஆக்சிசன் விரும்பாத ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பாசுச்சரின் நினைவாக அதற்குக் குளோசுட்ரிடியம் பாசுச்சூரியானம் எனப் பெயரிட்டார். அவரை வரவழைக்க முடியாத அறிஞரின் பெயர் இவ்வாறு அவர் கண்டுபிடிப்பில் நிலைத்தது. 1902 முதல் 1905 வரை நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். நிருவாகப் பணிகளும் உடல்நலக் குறைவும் சேர்ந்து அவரது ஆய்வைப் பெரிதும் முடக்கின.

இடைவெளி

1905க்குப் பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் அறிவியல் எதுவும் செய்யவில்லை. இன்றைய உக்ரைனின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரொதோக்கில் தம் பண்ணையைக் கவனித்துக்கொண்டு நிலக்கிழாராக வாழ்ந்தார். 1917 புரட்சிக்குப் பின் சொத்தை இழந்து, உள்நாட்டுப் போரின்போது ஒடெசா துறைமுகம் வழியாக வெளியேறினார். சில காலம் பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அப்போது அவருக்கு வயது 65.

பிரீ-கோம்ட்-ரோபேர்

1922இல் பாசுச்சர் நிறுவனத்தின் இயக்குநர் எமீல் ரூ அவரைப் பிரான்சுக்கு அழைத்தார். பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரீ-கோம்ட்-ரோபேர் என்ற சிற்றூரில் நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு பண்ணைவீடு அவருக்கு ஆய்வகமாகவும் இல்லமாகவும் அமைந்தது. பிற அறிஞர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் இரண்டாம் முறையாக ஆய்வைத் தொடங்கினார். மகள் எலென் பின்னாளில் அவருடன் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவர் எழுப்பிய வினா, முதற்கட்டப் பணியைவிடக் கூர்மையானது. ஆய்வகத்தில் ஊட்டம் மிக்க உணவில் தனியாக வளர்க்கப்படும் பாக்டீரியா, மண்ணில் பசியோடும் போட்டியோடும் வாழும் அதே பாக்டீரியாதானா? வீட்டு விலங்கைப் பார்த்துக் காட்டு விலங்கின் குணத்தை அறிய முடியாதது போலவே இதுவும் என அவர் கருதினார். மண்ணை நேரடியாகச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தபோது, தட்டுகளில் வளர்பவற்றைவிடப் பன்மடங்கு பாக்டீரியாக்கள் அதில் இருந்தன. மண்ணின் நுண்ணுயிரிகளை இரு பிரிவாக அவர் பகுத்தார். ஒன்று, மக்கிய பொருளை மெதுவாகப் பயன்படுத்தி எப்போதும் அங்கேயே வாழும் நிலைக்குடிகள். மற்றது, புதிய இலைதழையோ எருவோ விழுந்ததும் திடீரெனப் பெருகி, அது தீர்ந்ததும் ஒடுங்கிவிடும் வந்துபோகும் கூட்டம். 1924இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1935இல் நெதர்லாந்து அறிவியல் கழகத்தின் லேவன்ஃகூக் பதக்கத்தைப் பெற்றார்.

அவரது ஒரு கட்டுரையைப் படித்துத்தான் இரெனே துபோ என்ற இளைஞர் நுண்ணுயிரியலுக்கு வந்தார். வேண்டிய வேலையைச் செய்யும் உயிரியை மண்ணிலிருந்து தேடும் முறையைப் பின்பற்றி, 1939இல் அவர் கிராமிசிடின் என்னும் நோய்க்கிருமி எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார். துபோவின் ஆசிரியரும் இசுட்ரெப்டோமைசினுக்காக 1952இல் நோபல் பரிசு பெற்றவருமான செல்மன் வாக்சுமன், 1953இல் வினோகிராட்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார்.

வகைப்பாடு பற்றிய கருத்து

இரண்டாம் உலகப் போரின்போது பிரீயில் ஒதுங்கியிருந்த வினோகிராட்ஸ்கி, தம் ஆய்வுகளைத் தொகுத்து 1949இல் மண் நுண்ணுயிரியல் பற்றிய பெருநூலாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 1952இல் பாசுச்சர் நிறுவன இதழில் பாக்டீரியாக்களின் வகைப்பாடு பற்றிய கட்டுரை வந்தது. 1923 முதல் அமெரிக்காவில் வெளிவந்த பெர்கி கையேடு, பாக்டீரியாக்களைத் தாவரங்களைப் போலவே வரிசை, குடும்பம், பேரினம், இனம் எனப் படிநிலைகளில் அடுக்கியிருந்தது. உறவுமுறை தெரியாத உயிரிகளுக்கு இத்தகைய வம்சாவளி அடுக்கைத் தருவது இல்லாத அறிவை இருப்பதாகக் காட்டுவது என்பது அவர் நிலைப்பாடு. அதற்குப் பதிலாக, உயிரியின் வாழ்க்கை முறையைக் கொண்டு வரையறுக்கப்படும் உயிர்வகைகள் என்ற எளிய பாகுபாட்டை அவர் முன்மொழிந்தார். இளமையில் நிலையான இனங்களுக்காக வாதாடியவர் முதுமையில் இனப்பெயர்களை ஐயுற்றது முரண்பாடு போலத் தோன்றலாம். இரண்டிலும் அவர் கேட்டது ஒன்றே: கண்ணால் பார்த்ததற்கு மேல் பெயர் எதையும் சொல்லக்கூடாது.

அவரது முன்மொழிவு ஏற்கப்படவில்லை. 1977இல் கார்ல் ஊசு ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு உறவுமுறையைக் கணிக்கலாம் எனக் காட்டியதும், அவர் கிடைக்காது எனக் கருதிய வம்சாவளியே கிடைக்கத் தொடங்கியது. ஒரே வேலையைச் செய்யும் பாக்டீரியாக்கள் தொலைவான கிளைகளில் சிதறிக் கிடப்பதும் அதனால் தெரியவந்தது. அவரது இரு கட்ட நைட்ரசனேற்றக் கொள்கைக்கும் ஒரு விலக்கு கிடைத்தது: இரு கட்டங்களையும் தனியொரு உயிரியே செய்யவல்ல நைட்ரோசிபைரா இனங்களை 2015இல் இரு ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன.

வினோகிராட்ஸ்கி தூண்

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இவர் பெயரை அறிவது பெரும்பாலும் இத்தூணால்தான். உயரமான கண்ணாடிக் குழாயில் குளத்துச் சேற்றையோ கடற்கரைச் சேற்றையோ எடுத்து, அதனுடன் கிழித்த செய்தித்தாளும் சிறிது கால்சியம் சல்பேட்டும் கலந்து அடியில் இட வேண்டும். காகிதம் கார்பனுக்கு, சல்பேட்டு கந்தகத்துக்கு. மேலே வெறும் சேறும் அதற்கு மேல் அதே இடத்து நீரும் நிரப்பி, வாயை மூடி, வெளிச்சம் படும் சன்னலோரம் வைத்துவிட்டால் போதும். சில வாரங்களில் அடிப்பகுதி கறுக்கும். அதற்கு மேல் பச்சைக் கந்தக பாக்டீரியாக்களின் பட்டையும், இன்னும் மேலே செந்நிறக் கந்தக பாக்டீரியாக்களின் பட்டையும் தோன்றும். ஐதரசன் சல்பைடு கீழிருந்தும் ஆக்சிசன் மேலிருந்தும் பரவுவதால், ஒவ்வொரு உயிரியும் தனக்கு ஒத்த உயரத்தில் குடியேறுகிறது. உப்பங்கழிச் சேற்றில் இது குறிப்பாக நன்றாக அமையும். கடல்நீரின் சல்பேட்டு ஏற்கனவே அதில் உள்ளது.

கண்டல் சேற்றில் அவரது முறை

தேர்வு வளர்ப்பு எனப்படும் அவரது வழிமுறை தமிழகக் கடற்கரையிலும் பயன்பட்டுள்ளது. கடலூர் மாவட்டம் பிச்சாவரத்தில் கண்டல் மரங்களோடு சேர்ந்து வளரும் உவர் தாங்கும் காட்டு நெல்லின் வேர்களிலிருந்து, நைட்ரசன் சேர்க்கப்படாத ஊடகத்தைக் கொண்டு ஒரு புதிய பாக்டீரியா பிரிக்கப்பட்டது. நைட்ரசனை நிலைநிறுத்தவும் பாசுபேட்டைக் கரைக்கவும் வல்ல இது ஒரு புதிய பேரினமாக 2004இல் சுவாமிநாதனியா சாலிட்டாலரன்சு என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. பேரினப் பெயர் வேளாண் அறிஞர் எம். எசு. சுவாமிநாதனைக் குறிக்கிறது, இனப்பெயர் உப்பைத் தாங்குவது எனப் பொருள்படும். ஊடகத்தில் எதைச் சேர்க்காமல் விடுகிறோமோ அதுவே தேடலைத் தீர்மானிக்கிறது என்ற அவரது உத்தி, குளோசுட்ரிடியத்தைக் கண்டபோது செய்ததே.

எண்ணூர்ச் சேற்றில் இம்முறைக்கு வேறொரு பயன் உண்டு. 2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் கலந்தபோதும், மீனவர்களின் படகும் வலையும் கரையோரக் கண்டல் மரங்களும் எண்ணெயில் தோய்ந்தன. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைச் சேற்றிலிருந்து தேடுபவர், எண்ணெயை மட்டுமே கார்பன் மூலமாகக் கொண்ட கனிம நீரில் சேற்றை இட்டு, வளர்வதை மீண்டும் மீண்டும் புதிய நீருக்கு மாற்றுவர். நைட்ரசோமோனாசைப் பிரித்த முறைக்கும் இதற்கும் வேறுபாடு ஊட்டப்பொருளில் மட்டுமே. ஆயினும் குடுவையில் எண்ணெயைத் தின்னும் உயிரி, காற்றுப் புகாத கருஞ்சேற்றில் அதே வேகத்தில் அதைச் செய்யும் எனக் கொள்ள இயலாது. வினோகிராட்ஸ்கி பிரீயில் எழுப்பிய வினா இங்கும் பொருந்தும்.

புதிய பாக்டீரியா ஒன்றுக்கு இன்று முறைப்படி பெயரிட வேண்டுமானால், அதன் தூய வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் சண்டிகரில் அத்தகைய மையம் ஒன்று உள்ளது. வளர்க்க முடியாதவை வேட்பாளர் என்ற அடைமொழியுடனேயே குறிக்கப்படுகின்றன. கரீபியக் கடலின் குவாதலூப்பில், கண்டல் காட்டுச் சேற்று நீரில் மூழ்கிய இலைகளின் மேல் காணப்பட்டு 2022இல் விவரிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிபிகா அத்தகையதே. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, சில வேளை 2 சென்டிமீட்டர் வரை வளர்ந்து வெறும் கண்ணுக்கே தெரியும் இது, பெக்கியட்டோவாவின் உறவினமான கந்தக பாக்டீரியா. இதன் உடலிலும் கந்தகத் துளிகள் உள்ளன. 1887இல் பெக்கியட்டோவாவுக்கு இருந்த நிலையே இதற்கும்: பார்க்க முடிகிறது, ஆய்வு செய்ய முடிகிறது, தூய வளர்ப்பு மட்டும் கைகூடவில்லை.

மறைவு

வினோகிராட்ஸ்கி 1953 பெப்ரவரியில் பிரீ-கோம்ட்-ரோபேரில் காலமானார். நைட்ரோபாக்டர் பேரினத்தின் ஓர் இனம் அவர் பெயரால் நைட்ரோபாக்டர் வினோகிராட்ஸ்கியி எனப்படுகிறது. 2005இல் விளாதிவசுத்தோக்கு ஆய்வாளர்கள் ஒரு கடல்வாழ் பாக்டீரியாப் பேரினத்துக்கு வினோகிராட்ஸ்கியெல்லா எனப் பெயரிட்டனர். அப்பேரினம் கரிமப் பொருளை உண்டு வாழ்வது. வினோகிராட்ஸ்கி கண்டறிந்த வேதித்தன்னூட்டம் அதனிடம் இல்லை.